சோதித்தபோது சரி

செப்டம்பர் 21, 1957. சனி.

செங்கல்பட்டு ஸ்டேஷன் தெற்குச் சிக்னல் கேபினில், தண்டவாளம் பிரிகிற ஏழாம் நம்பர் பாயின்டின் விளக்கு இந்த வாரத்தில் மூன்றாவது தடவையாக அணைந்தது. நான் டூல் பையைத் தூக்கிக்கொண்டு போய்ச் சேருவதற்குள் தானே எரிந்துவிட்டது. ரிஜிஸ்டரில் ‘சோதித்தபோது சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வேறென்ன எழுதுவது? இல்லாத கோளாறை எங்கே போய்த் தேடுவது?

பதினொன்றரை பஸ்ஸில் ஏறி மகாபலிபுரம். திருக்கழுக்குன்றத்தில் நாஸ்தா பண்ண இறங்கிய டிரைவர் முக்கால் மணி நேரம் கழித்து வாயைத் துடைத்துக்கொண்டு வந்தான். புரட்டாசிக் கூட்டம் வேறு. வீட்டுக்குள் கால் வைத்ததும் அம்மா, குளித்துவிட்டு நேரே கோயிலுக்குப் போ, அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார் என்றாள்.

தீபாராதனை சமயம். அப்பா வழக்கம்போல் பாசுரம் சொல்கிற கோஷ்டியில் முன்வரிசை. திடீரென்று என் பக்கம் திரும்பி, “ஏண்டா உப்பிலி, நடுவுல எதுக்குத் திரை போட்டா?” என்றார். யாரும் திரை போடவில்லை. கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. இடது பக்கம் கறுப்பாக மேலேயிருந்து இறங்கிவிட்டது, பாதிப் பெருமாள் தெரியவில்லை என்றார். வலது கண்ணைப் பொத்தினால் எல்லாமே இருட்டாம். இரண்டு மூன்று நிமிஷம் போயிருக்கும். “திறந்துட்டா” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஐம்பத்தெட்டு வயது, கண்ணில் புரை வந்திருக்கும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள் என்று சன்னதி என்றும் பாராமல் சொன்னேன். அம்மாவுக்கு என் மேல் கோபம்.

செப்டம்பர் 24.

ஏழாம் நம்பர் மறுபடி. சோதித்தபோது சரி.

அக்டோபர் 6, ஞாயிறு.

ரஷ்யாக்காரன் ஆகாயத்தில் ஒரு உருண்டையை விட்டிருக்கிறான். அது பூமியைச் சுற்றிக்கொண்டே ‘பீப் பீப்’ என்று சத்தம் கொடுக்கிறதாம். காலையில் பேப்பரை அப்பாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். அப்பா காபி டம்ளரை எடுத்தார். எடுத்தது நழுவி மடியில் கொட்டியது. சூடான காபி. அவர் துள்ளவில்லை. வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார் — வேறு யாருடையதோ தன் மடியில் கிடப்பதுபோல.

ராத்திரி கையை மடக்கிப் படுத்திருப்பீர்கள், ரத்த ஓட்டம் நின்று மரத்திருக்கும் என்றேன். ஐந்து நிமிஷம். அப்புறம் அதே கையால் வேஷ்டியைப் பிழிந்து உலர்த்தினார். என் கையைப் பிடித்து அழுத்துங்கள் என்றேன். வலிக்கும்படி அழுத்தினார். சரி, ஒன்றுமில்லை.

பஸ்ஸில் வரும்போது ஒன்று உறுத்தியது. சூடு ஏன் தெரியவில்லை?

அக்டோபர் 14, திங்கள்.

அப்பாவைக் கெஞ்சிச் செங்கல்பட்டுக்கு வரவழைத்து, கடைத்தெரு டாக்டரிடம் காட்டினேன். முட்டியில் தட்டினார். நாக்கை நீட்டச் சொன்னார். கையைத் தூக்கு, இறக்கு, மூக்கைத் தொடு. எல்லாம் சரி. ஜூன் மாதம் வந்த ஃப்ளூவின் பலவீனம் இன்னும் போகவில்லை என்று சிவப்பாக ஒரு டானிக் எழுதிக்கொடுத்தார். எங்கள் ஊரில் வீட்டுக்கு இரண்டு பேர் படுத்தார்களே அந்த ஃப்ளூ.

மனசு லேசாகிவிட்டது. ஸ்டேஷன் ஓட்டலில் இரண்டு மசால் தோசை தின்றேன். அப்பா வெளியில் சாப்பிட மாட்டார். நான் தின்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இப்போது எழுதும்போதுதான் தோன்றுகிறது. டாக்டர் செய்ததும் நான் கேபினில் செய்வதும் ஒன்றேதான்.

அக்டோபர் 22. தீபாவளி.

டியூட்டி. காலையில் எண்ணெய் இல்லை, சாயந்தரம் மழை. என் உதவியாள் கலாசி சுப்பிரமணி அவன் வீட்டு அதிரசம் கொண்டுவந்து கொடுத்தான். கல் மாதிரி இருந்தது. நன்றாக இருக்கிறது என்று பொய் சொன்னேன்.

அக்டோபர் 26, சனி.

 நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஐப்பசி உற்சவம் ஐந்தாம் நாள். லீவு போட்டுப் போயிருந்தேன். காலைப் புறப்பாடு முடிந்து மண்டபத்தில் கோஷ்டி. இரண்டு வரிசையும் எதிரெதிரே. அப்பா முதல் அடியை எடுத்துக்கொடுக்க வேண்டும், மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். நாற்பது வருஷமாக அவர்தான் எடுத்துக்கொடுக்கிறார். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும்.

எட்டு மணி பத்து நிமிஷம். நாலாவது பாசுரத்தில் மூன்றாவது வார்த்தையோடு நின்றுவிட்டார். எல்லோரும் காத்திருந்தார்கள். வாய் திறந்தது. சத்தம் வந்தது, வார்த்தை வரவில்லை. ‘ள ள’ என்று ஏதோ. வலது கை மடியிலிருந்து நழுவித் தரையில் போய் விழுந்தது. கண்ணில் பொலபொலவென்று நீர். உதடு ஒரு பக்கம் தொங்குவதை நான் பார்த்தேன். நான் ஒருத்தன்தான் அதைப் பார்த்தேன்போலிருக்கிறது.

எதிர் வரிசையிலிருந்து சாரங்கபாணி மாமா எழுந்து வந்தார். பிடித்துப் படுக்கவைக்கப் போகிறார் என்று நினைத்தேன். மனுஷர் நெடுஞ்சாண்கிடையாக அப்பா காலில் விழுந்தார். “பக்தியில ஆழ்வார் நினைவு தப்பி மோகிச்ச மாதிரியே மோகிச்சுட்டார்” என்று குரல் உடைந்து சொன்னார். அவ்வளவுதான். கூட்டம் முழுக்க விழுந்தது. பெண்கள் அழுதார்கள். அர்ச்சகர் ஓடிவந்து பெருமாள் மாலையை எடுத்து அவர் கழுத்தில் போட்டார்.

எட்டு பதினேழுக்கு அப்பா விட்ட இடத்திலிருந்து நாலாவது வார்த்தையைச் சொன்னார். ஒரு எழுத்துப் பிசகாமல்.

நான் என்ன செய்தேன்? கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவ்வளவுதான் செய்தேன். அம்மா தூண் ஓரத்தில் நின்றிருந்தாள். அவள் விழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்டோபர் 27, ஞாயிறு.

காலையிலிருந்து வாசலில் ஆட்கள். தேங்காய், பழம், துளசி. சதுரங்கப்பட்டினத்திலிருந்து ஒரு குடும்பம் குழந்தையைக் காலில் போட வந்திருந்தது.

மதராஸுக்குப் போய்ப் பெரிய டாக்டரிடம் காட்டுவோம் என்றேன். அப்பா திருமண் குழைத்துக்கொண்டிருந்தார். இது வியாதி, அப்பா, என்றேன். இன்னும் சத்தமாகச் சொன்னேன். என் வாய் என்றைக்கு அடங்கியது.

“நாப்பது வருஷம் தப்பில்லாம சொன்னேன், ஒருத்தன் திரும்பிப் பாக்கலை” என்றார். “நேத்து நின்னுடுத்து. அப்ப பாசுரம் பூரா எதிர்ல நிக்கறதுடா, எழுத்தெழுத்தா. நாக்குதான் வரலை. அதைப் போய் வியாதிங்கறியே.”

அவர் கண்ணைப் பார்த்தேன். சந்தோஷமாக இருந்தார். அதுதான் பயமாக இருக்கிறது.

புறப்படும்போது அம்மா மாட்டுக் கொட்டகை வரைக்கும் வந்தாள். புதன்கிழமை என்னைச் ‘சொம்பு’ என்று கூப்பிட்டார்டா, என் பேரே அவருக்கு வரலை, நான் சிரிச்சு மழுப்பிட்டேன் என்றாள். ஏன் சொல்லவில்லை? நீ கத்துவாய் என்றாள்.

அக்டோபர் 28.

ஒரு நாற்பது பக்க நோட்டு எடுத்திருக்கிறேன். கேபின் ரிஜிஸ்டர் மாதிரியே கோடு போட்டு — தேதி, நேரம், எந்தப் பக்கம், எத்தனை நிமிஷம், எப்படித் தெளிந்தது. நினைவிலிருந்தவரை நிரப்பினேன். அக். 6, வலது கை, ஐந்து நிமிஷம். அக். 23, பேச்சு, அம்மா சொன்னது, நேரம் தெரியாது. அக். 26, பேச்சு, வலது கை, வாய், ஏழு நிமிஷம்.

செப். 21, கண் என்றும் எழுதினேன். பிறகு யோசித்தேன். மற்றதெல்லாம் வலது பக்கம். கண் மட்டும் இடது. ஒரே கோளாறென்றால் ஒரே பக்கம் இருக்க வேண்டும். அது புரைதான். ஒட்டாத அந்த வரியை அடித்துவிட்டேன்.

நோட்டின் நகல் ஒன்றை அம்மாவுக்குத் தபாலில் அனுப்பிவிட்டேன். அவளுக்கு மணி பார்க்கத் தெரியும்.

அக்டோபர் 30.

ராத்திரி டியூட்டியில் டெலிபோன் மணி அடித்தாலே ஓடிப்போய் எடுக்கிறேன். மகாபலிபுரத்திலிருந்து யார் எனக்கு டெலிபோன் செய்யப்போகிறார்கள்? இருந்தாலும் ஓடுகிறேன்.

நவம்பர் 3, ஞாயிறு.

நோட்டில் புதிதாக ஒன்று. நேற்று, வலது கை, நாலு நிமிஷம். அம்மா பென்சிலால் எழுதிவைத்திருந்தாள். நெருங்கி நெருங்கி வருகிறது.

மதியம் மறுபடி சண்டை. போய்க் காட்டினால் என்ன குறைந்துபோகும் என்றேன். குறைந்துபோகும் என்றார். 

நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்பி வாசலில் செருப்பு மாட்டும்போது கடலோரக் குப்பத்திலிருந்து ஆதியம்மாள் வந்தாள். மீன் கூடையோடு பல தடவை பார்த்திருக்கிறேன். இன்று கூடை இல்லை, ஒரு பித்தளைச் சொம்பு. பின்னால் தள்ளி அவள் புருஷனின் அண்ணன் சடையன், இஷ்டமில்லாதவன் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு.

“சாமி, காத்தால வலை இஸ்க்கச்சொல்ல எங்க வூட்டுக்காரருக்கு வாயி ஒரு பக்கமா கோணிக்கினு பூட்ச்சி. இன்னா பேசறாருன்னே புரில. கஞ்சி ஆற நேரந்தான், சரியாப் பூட்ச்சி. உங்களுக்கு வந்து எறங்கின மாதிரியே கீது. தீர்த்தம் குடுங்க சாமி.”

அவள் புருஷன் மூர்த்தி. என்னைவிடப் பத்து வயது மூத்தவன் இருக்கலாம். மலை மாதிரி ஆள்.

அப்பா உள்ளே போய்த் துளசித் தீர்த்தம் கொண்டுவந்து சொம்பில் விட்டார். பெருமாள் பார்த்துப்பார், ஒண்ணும் ஆகாது என்றார். நம்பித்தான் சொன்னார்.

தீர்த்தத்தைக் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ என்றேன் நான். தெருமுனையில் பஸ் ஹாரன் அடித்தது. சடையன் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தான்.

“மொதல்ல உங்க நைனாவ இட்டுகினு போனீங்களா சார்?”

 பஸ்ஸுக்கு ஓடினேன். எந்த ஆஸ்பத்திரி, யாரைப் பார்க்க வேண்டும், எத்தனை மணிக்கு வண்டி — ஒன்றும் சொல்லவில்லை. ஓடிவிட்டேன்.

நவம்பர் 4.

ஏழாம் நம்பர் இன்று இரண்டு தடவை. சுப்பிரமணியிடம் எரிந்து விழுந்தேன். அவன் பீடியைக் காதில் சொருகிக்கொண்டு, “அறுந்து கெடந்தா இன்னான்னு தெரிஞ்சுடும் சார். வந்து வந்து போவுது பாருங்க, அதான் ஒருநாளு வண்டியக் கவுத்துடும்” என்றான்.

அவன் பாயின்டைத்தான் சொன்னான்.

நவம்பர் 6, புதன்.

அம்மாவின் கார்டு. அப்படியே எழுதிவைக்கிறேன்.

“சி. உப்பிலிக்கு ஆசீர்வாதம். குப்பத்து மூர்த்திக்கு இன்று காலை ஒரு பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சு இல்லை. அப்பாவிடம் சாரங்கபாணி வந்து சொன்னார். அப்பா அதிலிருந்து சாப்பிடவில்லை. உடனே வரவும்.”

இரண்டு நாள். கஞ்சி ஆறும் நேரத்தில் சரியாகிப்போனது, இரண்டே நாள்.

நவம்பர் 7, வியாழன்.

லீவு கேட்டேன். ஆள் இல்லை என்றார்கள். கேட்டதாக எழுதிவைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும்.

அப்பா வீட்டில் இல்லை. குப்பத்துக்குப் போயிருக்கிறார் என்றாள் அம்மா. அந்த மணலில் அவர் கால் வைத்து நான் பார்த்ததே இல்லை. ஓடினேன். மூர்த்தியின் குடிசை வாசலில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே பாயில் மூர்த்தி. வலது பக்கம் கட்டை. கண் மட்டும் எங்களைத் தொடர்ந்து வந்தது. வாயிலிருந்து அதே ‘ள ள’. எனக்குத் தெரிந்த சத்தம். மண்டபத்தில் கேட்ட அதே சத்தம்.

ஆதியம்மாள் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம். அவள் அதே பித்தளைச் சொம்பை எடுத்துவந்து அப்பாவிடம் நீட்டினாள். இன்னொரு தடவை கொடுங்க சாமி என்றாள்.

அப்பா அதை வாங்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

இந்தத் தடவை நான் ஓடவில்லை. சடையனிடம் வண்டி கட்டச் சொல்லி, செங்கல்பட்டு ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டருக்குச் சீட்டு எழுதி, யாரைக் கேட்க வேண்டும் என்று மூன்று தடவை சொன்னேன். சீட்டை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டான்.  பேச வேண்டியதை அன்றைக்கே பேசிவிட்டான்.

திரும்பி வரும்போது அப்பா அலை ஓரமாகவே நடந்தார். பாதி வழியில் நின்றார்.

“எனக்கு நிஜமாவே பாசுரம் தெரிஞ்சுதுடா. அது பொய்யில்லை.”

இல்லை என்றேன். பொய் என்று நான் சொல்லவில்லையே.

“முதல் பஸ் எத்தனை மணிக்கு?”

நவம்பர் 8, வெள்ளி. மதராஸ்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். பென்சில் மொண்ணை.

செங்கல்பட்டில் எட்டேகால் பாசஞ்சர். அப்பா ஜன்னலோரம். சிங்கப்பெருமாள் கோயில் ஸ்டேஷன் வந்ததும் வண்டியில் எல்லோரும் செய்வதுபோல அவரும் கோயில் திசையைப் பார்த்துக் கும்பிடக் கையைத் தூக்கினார். இடது கை மட்டும் தூக்கியது. ஒற்றைக் கையை நெஞ்சுக்கு நேரே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மற்றக் கை எங்கே என்று தேடுகிற மாதிரி கீழே பார்த்தார்.

எட்டு முப்பத்தொன்பது. வண்டி புறப்பட்டுவிட்டது. சங்கிலியை இழுக்கட்டுமா? இழுத்தால் இந்தப் பொட்டலில் யார் இருக்கிறார்கள்? மதராஸ் போவதுதான் வழி. அவர் வலது கையை என் மடியில் எடுத்துவைத்துக்கொண்டேன். ஈரத்துணி மாதிரி இருந்தது. கூடுவாஞ்சேரி வந்தது. கைக்கு உயிர் வரவில்லை. வண்டலூர். வரவில்லை. முன்னெல்லாம் ஐந்து நிமிஷம், ஏழு நிமிஷம். இப்போது பதினாலு. இது போகாது, இதுதான் அது, இப்படியே நின்றுவிடும், நான் ஒரு மாசம் பேசிப் பேசியே கழித்துவிட்டேன், பெருமாளே, அந்தக் கையைக் கொடுத்துடு, நான் இனிமே ஒண்ணும் — என்ன சொல்லி வேண்டிக்கொண்டேன் என்று இப்போது நினைவில்லை.

தாம்பரத்துக்குள் வண்டி நுழையும்போது என் கட்டைவிரலை ஏதோ லேசாகப் பிடித்தது.

பத்தொன்பது நிமிஷம்.

எழும்பூரில் இறங்கி ரிக்‌ஷா. பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு மணி நேரம் பெஞ்சில். சரியாகிவிட்டதே, சாதாரண வரிசையில் உட்காருங்கள் என்றான் வாசல் ஆள். சரியாகிவிட்டதனால்தான் வந்திருக்கிறோம் என்று கத்தினேன். கத்தினது வீண் போகவில்லை. டாக்டர் ராமதாஸ் என்று ஒருவர், சீமையில் படித்தவராம், நாற்பது வயதிருக்கும், எட்டிப்பார்த்து உள்ளே கூப்பிட்டார்.

நோட்டைக் கொடுத்தேன். டானிக் எழுதுகிறவர் மாதிரி புரட்டவில்லை. ஒவ்வொரு வரியாகப் படித்தார். யார் எழுதினது என்று கேட்டார். சிக்னலில் வேலை என்றேன். தலையை ஆட்டினார். பிறகு அடித்த வரியில் விரலை வைத்தார்.

“இதை ஏன் அடிச்சீங்க?”

அது இடது கண், சார். மற்றதெல்லாம் வலது பக்கம். சம்பந்தமில்லை என்றேன்.

“சம்பந்தம் இருக்கா இல்லையான்னு நான் பார்க்க வேண்டாமா?”

அப்பாவிடம் திரும்பி, அன்று என்ன தெரிந்தது என்று கேட்டார். திரை விழுந்தது, மேலேயிருந்து கீழே, பிறகு தூக்கிவிட்டார்கள் என்றார் அப்பா. டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைக்காமல் கழுத்தில், தாடைக்குக் கீழே இடது பக்கம் வைத்து, அப்பாவை மூச்சைப் பிடிக்கச் சொல்லிவிட்டுக் கேட்டார். பிறகு குழாயை என் காதில் மாட்டினார். உஸ்ஸ், உஸ்ஸ். ரயில் பெட்டிகளுக்கு நடுவே தொங்கும் வேக்குவம் பிரேக் குழாயில் சின்னக் கசிவு இருந்தால் வருமே, அதே சத்தம். வலது பக்கம் வைத்தார். ஒன்றும் இல்லை.

அப்பாவின் கழுத்துக்குள் இத்தனை நாளாக அது ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. 

அவர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். இடது கழுத்து ரத்தக் குழாய் உள்ளே குறுகிவிட்டது. அங்கே ரத்தம் துணுக்குத் துணுக்காக உறைந்து, சமயத்தில் ஒன்று பிய்ந்து மேலே போகிறது. மூளையின் இடது பாதிக்குப் போனால் வலது கையும் பேச்சும் நிற்கும், ஏனென்றால் மூளையிலிருந்து வருகிற கம்பிகள் குறுக்கே மாறி வருகின்றன. அதே குழாயின் கிளைதான் இடது கண்ணுக்கும் போகிறது, அது மாறுவதில்லை. இடது கண், வலது கை, பேச்சு — மூன்றும் ஒரே இடத்திலிருந்து. நான் அடித்த வரிதான் அந்த இடத்தைக் காட்டுகிற வரி. துணுக்குக் கரைந்தால் தெளிந்துவிடும். கரையாத அளவில் ஒன்று போனால்—

மூர்த்தி, என்றார் அப்பா. டாக்டருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

ரத்த அழுத்தம் நூற்றுத் தொண்ணூறு. இன்றே படுக்கையில் சேர்த்துவிட்டார்கள்.

நவம்பர் 9.

ஊசி. ரத்தம் சீக்கிரம் உறையாமல் இருக்க. ஒருநாள் விட்டு ஒருநாள் விரலில் குத்திப் பார்த்து அளவை மாற்றுவார்களாம். மருந்து குறைந்தால் அடைக்கும். கூடினால் உள்ளே எங்கேயாவது கசியும். இரண்டுக்கும் நடுவில் ஒரு நூல். சவரம் செய்யக்கூடாது, விழக்கூடாது.

இனிமேல் வராது அல்லவா என்று டாக்டரிடம் கேட்டேன். அப்படி வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றார். இந்த ஆளை எனக்குப் பிடித்திருக்கிறது.

நவம்பர் 10.

ராத்திரி முழுக்க அப்பாவை எழுப்பிக்கொண்டே இருந்தேன். கையைத் தூக்குங்கள், பேர் சொல்லுங்கள். நாலாவது தடவை, “ஆராவமுதன். கொஞ்சம் தூங்க விடு” என்றார். நர்ஸ் என்னை வெளியே துரத்தினாள்.

நவம்பர் 13, புதன்.

மூர்த்தி திங்கட்கிழமை செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் இறந்துபோய்விட்டான். சாரங்கபாணி மாமா பார்க்க வந்தவர் சொன்னார்.

மாமா பழக்கத்தில் அப்பா காலைத் தொடக் குனிந்தார். அப்பா காலைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். பிறகு அவர் கையைப் பிடித்துத் தன் கழுத்தில் வைத்தார். இங்கேதான் இருக்கு ஓய், கேளும் என்றார். கையில் என்ன கேட்கும்? மாமா அழுதுவிட்டார்.

நவம்பர் 19.

பதினொரு நாளாக நோட்டில் புது வரி இல்லை. எழுதவே பயமாக இருக்கிறது, எழுதினால் வந்துவிடும்போல. படித்தவன் பேசுகிற பேச்சா இது?

டிசம்பர் 2.

ஊருக்குக் கூட்டிவந்தாயிற்று. மாத்திரை. பதினைந்து நாளைக்கு ஒரு தடவை மதராஸ் போய் ரத்தம் பார்க்க வேண்டும். கொடுக்காத லீவை எடுத்துக்கொண்டு போனதற்கு எனக்கு மெமோ வந்திருக்கிறது. வாங்கி வைத்துக்கொண்டேன்.

டிசம்பர் 11.

ஏழாம் நம்பர் அகப்பட்டுவிட்டது. பாயின்டில் இல்லை, விளக்கில் இல்லை. நானூறு கெஜம் தள்ளி, மண்ணுக்கடியில் கம்பிகள் சேர்கிற ஒரு ஜாயின்ட். பச்சை பூத்து, ஒரே ஒரு இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. சுப்பிரமணி தொட்டதும் கையோடு வந்துவிட்டது. அங்கேயே தண்டவாளத்தின் மேல் உட்கார்ந்தேன்.

ஜனவரி 1, 1958. வைகுண்ட ஏகாதசி.

அப்பா முன்வரிசையில் இல்லை. பின்னால் தூணில் சாய்ந்துகொண்டு உட்கார்ந்தார். எடுத்துக்கொடுக்கிறவர் இப்போது சாரங்கபாணி மாமா. நடுவில் ஒரு இடத்தில் அப்பா நிறுத்தினார்.  எழுந்துவிட்டேன். ஓரிருவர் விழவே குனிந்துவிட்டார்கள்.

அவர் என்னைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். வலதும் இடதும் ஒரே உயரம். “இருமல்டா” என்றார்.

ஜனவரி 20.

ஜனவரி 7-இல் ஒன்று வந்ததாம். விரல் நுனி மட்டும், ஒரு நிமிஷம். அம்மா மறைக்கவில்லை, அன்றே எழுதியிருக்கிறாள். டாக்டர் மாத்திரையைக் கால் கூட்டினார். பயம் போகவில்லை. அதுவும் மாத்திரையோடு தினம் இருக்கிறது.

பிப்ரவரி 16, ஞாயிறு.

ஊருக்குப் போனேன். அப்பா கோயிலுக்குப் போயிருந்தார். வழக்கம்போல முதலில் நோட்டைப் பிரித்தேன். புது வரி.  என் கையெழுத்து இல்லை, அம்மாவின் பென்சிலும் இல்லை. அப்பாவின் வட்ட வட்ட எழுத்து, கொஞ்சம் நடுங்கி, ஆனால் கோட்டுக்குள்ளே.

தேதி: பிப். 14, வெள்ளி. நேரம்: காலை ஏழேகால்.

எந்தப் பக்கம் என்ற இடத்தில்: சடையன். கரையில் வலை உலர்த்தும்போது. இடது கை, இடது கால். கண்ணைக் கேட்டேன், ஒன்றும் இல்லை என்றான்.

எத்தனை நிமிஷம்: பதினொன்று. ஏழே முக்கால் பஸ். ஆதியம்மாளும் நானும் மதராஸ் வரை கூடப் போனோம். டாக்டர் ராமதாஸுக்குக் காகிதம் என் கையால் எழுதிக் கொடுத்தேன்.

எப்படித் தெளிந்தது: சரியாகிவிட்டது, விடு சாமி என்றான். விடவில்லை.